இரங்கல் குழுவில் ஒரு தேர்தல்

எங்கள் அடுக்குமாடியில் யாராவது இறந்துபோனால் முதல் போன் சொந்தக்காரர்களுக்குப் போகும், இரண்டாவது போன் எனக்கு வரும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடிக்கும் கடையொன்றில் கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகைத் தொலைத்தவள் நான். இறந்தவரின் படத்தை வெட்டி எடுத்து, பக்கத்தில் குத்துவிளக்கு வைத்து, பெயர், வீட்டு எண், எடுக்கும் நேரம், மின்சுடலை இருக்கும் இடம் எல்லாம் போட்டு ஓர் இரங்கல் அறிவிப்பு செய்ய எனக்குக் கால் மணி நேரம் போதும். செய்து முடித்ததும் எங்கள் கட்டடத்தின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டுவிடுவேன். கிள்ளானில் இருக்கும் பத்து மாடிக் கட்டடம் அது. தமிழ்க் குடும்பங்கள் அனேகமாக எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

குழுவைத் தொடங்கியதும் நான்தான். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் யார் வீட்டில் அரிசி இல்லை, யார் வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். அந்தக் காலம் போனபிறகு அதில் நாலு விஷயம்தான் மிஞ்சியது: சாவு, தண்ணீர்த் தடை, லிஃப்ட், காணாமல் போன சாவி. காலை வணக்கம், ரோஜாப்பூ, சாமி படம் எதுவும் கூடாது என்று கறாராக இருந்தேன். ஒன்பதாவது மாடிக்காரர் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் தினமும் ஒரு ரோஜா அனுப்பினார். மூன்று நாள் அவரை வெளியே தூக்கிப் போட்டேன். கார் நிறுத்துமிடத்தில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது கட்டடத்துக்கே தெரியும்.

அந்தக் கறாரால் ஒரு நன்மை இருந்தது. அந்தக் குழுவின் சத்தத்தை யாரும் அணைத்து வைக்கவில்லை. மணி அடித்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். வேலையிடத்தில் இருந்தாலும் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். சாவு என்றால் எங்களுக்கு ஒரு முறையும் இருந்தது. எங்கள் லிஃப்டுக்குள் சவப்பெட்டி படுக்கைவாக்கில் நுழையாது. படிக்கட்டில்தான் இறக்க வேண்டும், படிக்கட்டோ குறுகல். அதனால் எடுக்கும் நேரத்துக்கு அந்தந்த மாடி ஆண்கள் அந்தந்த மாடிப் படியருகே வந்து நிற்பார்கள். பெட்டி இறங்க இறங்க மாடிக்கு மாடி தோள் மாறும். முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அந்த ஒரு மாடிக்குத் தோள் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். யார் சொல்லி ஆரம்பித்தது என்று தெரியவில்லை. சவ ஊர்தி ஓட்டுகிறவருக்கே எங்கள் கட்டடத்தின் வழக்கம் அத்துப்படி. ஒவ்வொரு மாடி நெருங்கும்போதும் மாடி எண்ணைச் சொல்லிக் குரல் கொடுப்பார், ஆட்கள் முன்னால் வருவார்கள்.

இப்படி இருந்த குழுவைத்தான் நான் தேர்தலுக்குக் கொடுத்தேன்.

சட்டமன்றத் தேர்தல் அறிவித்த வாரம், எங்கள் தொகுதியில் நின்ற ஒரு வேட்பாளரின் ஊடகப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டயர் கடைக்கு மேல் மாடியில் அவர்கள் அலுவலகம். பத்துப் பன்னிரண்டு பேர் மடிக்கணினியும் கைப்பேசியுமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை, அதில் எந்தக் காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பொறுப்பாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சுறுசுறுப்பான ஆள், வந்தவுடன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, தே தாரிக் வரவழைத்தார். யார் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறார்கள்? அதிலேயே பாதி விழுந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

“அக்கா, இப்பலாம் செராமா கூட்டத்துக்கு யாரு லா வர்றா? நாற்காலிதான் ஒக்காந்து கேக்குது” என்றார். “முகநூல்ல போட்டா அவனவன் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டே இருக்கான். ஒங்க குரூப்புல போட்டா சத்தம் கேக்கும், எடுத்துப் பாப்பான். அது தங்கம், அக்கா.”

அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏன் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. லிஃப்டைப் பற்றித்தான் யோசித்தேன். எங்கள் இரண்டு லிஃப்டில் ஒன்று பல வருடமாகப் பிணம். மற்றது மாதத்தில் பாதி நாள் காய்ச்சலில் கிடக்கும். நான் நாலாவது மாடி, என் முட்டி அதற்கே கெஞ்சுகிறது. வெற்றி பெற்றால் முதல் வேலை லிஃப்டுதான் என்று வேட்பாளர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நம்பினேன். இத்தனை தேர்தல் பார்த்த பிறகும் நம்பினேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே அலுப்பாக இருக்கிறது.

முதல் காணொளியை எங்கள் கட்டடத்திலேயே எடுத்தோம். வேட்பாளர் ஏழு மாடி ஏறி, வேர்த்து விறுவிறுத்து, “இதைத்தான் நம்ம மக்கள் தினமும் ஏறுறாங்க” என்று சொல்ல வேண்டும். மனிதர் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரத்த அழுத்தமாம். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் மறுநாள் கடையில் பெரிய ‘7’ ஒன்றை ஒட்டுத்தாளில் அடித்து எடுத்துவந்து, இரண்டாவது மாடிச் சுவரில் இருந்த ‘2’ மேல் ஒட்டினேன். வேட்பாளர் நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். காணொளி நன்றாக வந்தது. அன்று மாலைக்குள் திரையில் ஓடிய எண்ணைப் பார்த்து அந்த அறையே கை தட்டியது. நானும் தட்டினேன்.

“ராத்திரி பகலா போடணும்க்கா, ஒங்களால தனியா முடியாது. நம்ம ரெண்டு பேரை அட்மினா போட்டுடுங்க” என்றார் பொறுப்பாளர். போட்டேன். அந்த இரண்டு பேரும் கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னும் பலரைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து மணி ஓயவில்லை. வேட்பாளர் தோசை சுடுகிறார், வேட்பாளர் தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கிறார், எதிர்த்தரப்பு ஆள் மேடையில் தடுமாறுகிறார், அதற்கு மேல் சிரிப்புச் சத்தம் வைத்த காணொளி. ரோஜாப்பூவுக்கு ஒருவரை வெளியே போட்டவள் நான். இப்போது கொடியும் கோஷமுமாக ஒரு நாளைக்கு நூறு செய்தி வந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஏழாவது மாடியில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நான் அவர்களை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் குழுவில் பேசவே மாட்டார். சாவுச் செய்தி வந்தால் மட்டும் கைகூப்பிய படம் ஒன்று போடுவார், நேரத்துக்கு வந்து படியருகே நிற்பார். காணொளி வந்த மூன்றாவது நாள் அவர் ஒரு குரல் செய்தி அனுப்பினார். கோபமே இல்லாத குரல்.

“ஏழாவது மாடி எனக்கு நல்லாத் தெரியும்மா, எத்தனை வருஷமா ஏறுறேன். அது ரெண்டாவது மாடி. அது பரவால்ல. ஆனா இந்த குரூப்பு சாவு வாழ்வுக்குன்னு வச்சிருக்கோம். இதுல தேர்தல் வேணாமே. தனியா ஒன்னு ஆரம்பிச்சுக்கலாமே.”

பொறுப்பாளரின் ஆட்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். எந்தக் கட்சி அங்கிள் இது, எவ்வளவு வாங்கினீங்க அங்கிள், மாத்திரை போட்டுட்டுத் தூங்குங்க அங்கிள். ஒருவன் அண்ணனின் படத்தையே எடுத்து, தலையில் ரயில் வண்டி ஏறுவதுபோல் செய்து போட்டான். சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அதில் எங்கள் கட்டடத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள் என்பதையும் நான் பார்த்தேன். அந்தப் படத்தை அழிக்க எனக்கு ஒரு விரல் போதும். பொறுப்பாளருக்கு போன் போட்டுக் கேட்டேன். “விடுங்கக்கா, சண்டை நடந்தாதான் ஆளு எட்டிப் பாப்பான்” என்றார். விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நான் ரயிலுக்கு ஓடும்போது அண்ணன் நாளிதழ் வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டு, “சாப்டியாம்மா?” என்று கேட்டார். “ஆச்சுண்ணே” என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனேன். சாப்பிட்டிருக்கவும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம், வாக்களிப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, ஏழாவது மாடி அக்காவிடமிருந்து எனக்கு அந்த இரண்டாவது போன் வந்தது. நான் கடையில் இருந்தேன். காலையில் அண்ணனை எழுப்பப் போனால் எழவில்லை, டாக்டர் வந்து பார்த்துவிட்டார், மகளும் மருமகனும் ஜொகூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள், நாலு மணிக்கு எடுக்கிறோம் என்றார் அக்கா. அழாமல் சொன்னார். கடைசியாக, “குரூப்புல போட்டுடும்மா” என்றார்.

படத்துக்கு எங்கே போவது? அவர் கணக்கில் இருந்த படத்தைத்தான் எடுத்தேன், தலையில் ரயிலை ஏற்றினார்களே அதே படம். விளக்கு வைத்து, நேரம் போட்டு, பத்தரை மணிக்குக் குழுவில் போட்டேன். அடுத்த நிமிடமே வேட்பாளர் சந்தையில் மீன் வாங்கும் காணொளி வந்து விழுந்தது, பிறகு ஒரு பாட்டு, பிறகு எதிர்த்தரப்பைக் கிண்டல் செய்து ஏதோ ஒன்று. நான் அறிவிப்பைத் திரும்பப் போட்டேன். திரும்ப மூடிவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். யாரும் எதையும் படிக்காமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். கிள்ளான் வந்து சேரும்வரை போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கைகூப்பிய படம் ஆறேழு மட்டுமே வந்திருந்தது.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். மருமகன், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பிகள் இரண்டு பேர், பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், கீழே காவலுக்கு நிற்கும் நேப்பாளி, சவ ஊர்திக்காரர். பாக்சிக்குக்கும் காவலருக்கும் எங்கள் குழுவில் இடமே இல்லை. அழுகைச் சத்தம் கேட்டும், ஊர்தியைப் பார்த்தும் தானாக வந்தவர்கள். ஊர்திக்காரர் வழக்கப்படி குரல் கொடுத்தார். “ஆறாவது மாடி!” படியருகே யாரும் இல்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அதே ஆட்கள் இறக்கினார்கள். “அஞ்சாவது மாடி!” ஒரு கதவு திறந்தது. இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார், பதறிப்போய்க் கைலியோடு ஓடிவந்து தோள் கொடுத்தார். நாலாவது மாடியில் நான் மட்டும் நின்றேன். கடைசித் தம்பிக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். பெண்பிள்ளை பிடிக்கலாமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இரண்டாவது மாடியில் என் ஒட்டுத்தாள் இன்னும் சுவரில் இருந்தது. பாக்சிக் அதை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

அக்கா மேலே ஏழாவது மாடிப் படியருகே நின்றிருந்தார். ஊர்திக்காரர் ஒவ்வொரு மாடிக்கும் குரல் கொடுத்ததும், அதற்குப் பதில் வராததும் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஊர்தி போன பத்தாவது நிமிடம் பொறுப்பாளர் கூப்பிட்டார். விஷயம் அப்போதுதான் தெரிந்ததாம். வேட்பாளரின் இரங்கல் செய்தி ஒன்று தயார் செய்திருக்கிறார்களாம், எனக்கும் அனுப்பியிருந்தார், அதில் அண்ணனின் படத்தைவிட வேட்பாளர் படம் பெரிதாக இருந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, “அக்கா, பெட்டிய படில எறக்குறப்ப யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா? லிஃப்டு மேட்டருக்கு அதைவிட வேற என்னக்கா வேணும்” என்றார்.

“லிஃப்டு ஓடினாலும் எங்க பெட்டி அதுல நுழையாது. அது தெரியுமா ஒங்களுக்கு?” என்று கேட்டேன்.

“அது பாக்குறவனுக்குத் தெரியாதுல்லக்கா” என்றார்.

அதற்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. போனை வைத்துவிட்டு அவர் ஆட்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து நீக்கினேன். விரல் வலிக்கும்வரை நீக்கினேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

தேர்தல் முடிந்தது. எங்கள் வேட்பாளர் ஜெயித்தார். லிஃப்டுக்கு ஆள் வந்து பழுது பார்த்தார்கள், இப்போது வாரத்தில் நாலைந்து நாள் ஓடுகிறது. அதற்கொரு காணொளியும் வந்தது என்று கேள்விப்பட்டேன், பார்க்கவில்லை. டயர் கடை மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அறிவிப்பு செய்து குழுவில் போட எனக்குக் கை வரவில்லை. போட்டாலும் யார் பார்ப்பார்கள்? இரண்டு நாள் முன்னதாக, சனிக்கிழமை காலை, பத்தாவது மாடியில் தொடங்கிக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில், வார்த்தைதான் வேறு வேறு. “அடடா, எப்பக்கா? தேர்தல் தொல்லை தாங்காம சத்தத்தை அணைச்சுட்டேன் லா.” “குரூப்ப விட்டு வெளிய போயிட்டேன் அக்கா, இன்னும் திரும்பச் சேரல.” ஒன்பதாவது மாடி ரோஜாப்பூக்காரர் வாசலில் நின்றபடியே அழுதுவிட்டார். அவரும் அண்ணனும் ஒரே ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர்களாம், எனக்கு அது அன்றுதான் தெரியும். சிரிப்பு முகம் போட்ட மூன்று பேரில் ஒருவர் கதவைத் திறந்து, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

ஏழாவது மாடிக்கு வந்ததும், காரியத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். மகள் சமையலறையில் இருந்தாள். அக்கா கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார். காரியத்துக்கு எத்தனை பேருக்குச் சமைக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இருபது பேருக்கும்மா. எங்காளுங்க மட்டும்தானே வருவாங்க” என்றார். வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இவரும் சும்மா இருந்திருக்கலாம். குரூப்புல அப்படிப் பேசியிருக்க வேணாம். எல்லார் மனசும் புண்பட்டுப் போச்சு. ஒரு மாடியில கூட ஒருத்தரும் வரலியே. அவ்ளோ பேருக்கு அவர் வேண்டாதவரா ஆயிட்டாரேன்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கம் இல்ல. கடைசியில கெட்ட பேரோட போயிட்டாரு.”

பதினாலு நாளாக அக்கா இதை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பதினாலு நாளாக நான் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் நாலாவது மாடியில் பதுங்கிக் கிடந்திருக்கிறேன்.

நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் பேசியதால் ஒருவரும் வராமல் போகவில்லை, யாருக்குமே தெரியவில்லை என்றேன். நான் தேர்தல் ஆட்களை உள்ளே விட்டேன், தொல்லை தாங்காமல் எல்லாரும் சத்தத்தை அணைத்துவிட்டார்கள், அதனால் அவர் போன செய்தி யார் கண்ணிலும் படவில்லை என்றேன். அவர் சொன்னபடி கேட்டிருந்தால் ஏழு மாடியும் நிறைய ஆள் நின்றிருக்கும் என்றேன். ஏழு என்று நான் ஒட்டிய ஒட்டுத்தாளையும் சொன்னேன், அந்த ரயில் படத்தை அழிக்காமல் விட்டதையும் சொன்னேன். “தப்பு முழுக்க என்னோடதுக்கா” என்று சொல்லிவிட்டு, வரப்போகும் வசைக்குக் காத்திருந்தேன்.

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “அப்போ அவரு மேல யாருக்கும் கோவம் இல்லியா?”

“யாருக்கும் இல்லக்கா. இப்பதான் ஒவ்வொரு வீடா கேட்டுட்டு வர்றேன். ஒன்பதாவது மாடிக்காரர் அழுதாரு.”

“அழுதாரா?” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக எழுந்து நின்று சமையலறைப் பக்கம் திரும்பி, “ஏய், இங்க வா. அப்பா மேல யாருக்கும் கோவம் இல்லியாம். சேதி தெரியாமதான் வரலியாம்” என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

மகள் ஈரக் கையோடு வந்து நின்றாள். அக்கா என் தோளைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினார்.

“எங்கிட்ட சொன்னியே, அதை இவகிட்டயும் அப்படியே சொல்லும்மா” என்றார். நான் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.